தங்கமணி இளைத்த கதை

தங்கமணி செத்துக்கொண்டிருந்த வருடத்தில்தான் அவளை மேடையில் ஏற்றிக் கைதட்டினார்கள். அவள் உடம்பு கரைந்து போய்க்கொண்டிருந்தது, அதற்குப் பரிசும் கொடுத்தார்கள். கைதட்டியவர்கள் யார் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பாதிப் பேர் இன்னமும் இங்கே மலேசியாவில், கிள்ளானில்தான் இருக்கிறார்கள், கோயிலில் பார்த்தால் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. அன்றைக்குக் கைதட்டவும் இல்லை.

என் பெயர் புஷ்பவல்லி. தங்கமணி என் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு தொழிற்சாலைகளில் இருவரும் ஒன்றாக வேலை செய்தோம். அவள் கணவன் கன்னையா துறைமுகத்தில் லோரி ஓட்டியவன். நல்லவன்தான், ஆனால் பெண்டாட்டி எதிரே நின்று கத்தினால்தான் அவள் வீட்டில் இருப்பதே அவனுக்குத் தெரியும். இவர்கள் இருவரையும் விட்டால் இந்தக் கதையில் முக்கியமானவர் கனகலிங்கம். அவர் எங்கள் இரண்டாவது கம்பெனியில் ஆட்களைக் கவனிக்கும் பெர்சனல் ஆபீசர். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, வரிசையாகச் சொல்கிறேன்.

1974இல் சுங்கைவேயில் ஓர் அமெரிக்கக் கம்பெனி ஆள் எடுத்தபோது நாங்கள் இருவரும் சேர்ந்தோம். தங்கமணிக்கு அப்போது பத்தொன்பது வயது, ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. வேலை என்னவென்றால், நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு முடியைவிட மெல்லிய கம்பியை எலக்ட்ரானிக் சில்லில் ஒட்ட வேண்டும். நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியதே இல்லை. கேண்டீன் மூடுவதே இல்லை. அவரவர் பிரேக் அவரவர் நேரத்தில். பொரித்த கோழி, உருளைக்கிழங்கு வறுவல், ஐஸ் போட்ட இனிப்புத் தண்ணீர். டார்கெட் முடிந்தால் ஐஸ்கிரீம், யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக். சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால்கூட முதலில் ஒரு தட்டு டோனட்தான் வரும்.

இதில் எங்கள் ஆட்கள் செய்த முட்டாள்தனம் ஒன்று உண்டு. கம்பெனியில் என்ன தின்றாலும் அது சாப்பாட்டில் சேராது. வீட்டுக்கு வந்து சோறு போட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்தால்தான் சாப்பிட்டதாக அர்த்தம். கோழியும் கேக்கும் தின்றுவிட்டு வந்து, "இன்னும் சாப்பிடலம்மா" என்று சொல்லித் தட்டை எடுப்போம். அமெரிக்காக்காரன் தன் சாப்பாட்டை மட்டும் தின்றான். நாங்கள் அவன் சாப்பாட்டையும் தின்றோம், எங்கள் சாப்பாட்டையும் தின்றோம். எனக்கு எதைத் தின்றாலும் ஒட்டாத உடம்பு, அது என் அப்பா கொடுத்தது. தங்கமணிக்கு எல்லாம் ஒட்டியது. பத்து வருடத்தில் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார எல்லோரும் யோசித்தார்கள்.

அந்தக் கம்பெனியின் அமெரிக்க மேலாளர் எப்படி இருந்தார் என்று நினைக்கிறீர்கள்? ஒட்டடைக்குச்சி. காலையில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு தொழிற்சாலையைச் சுற்றி ஓடுவார், மதியம் ஒரு ஆப்பிள் தின்பார். எங்களுக்குக் கோழி, அவருக்கு ஆப்பிள். எண்பத்தைந்தில் வியாபாரம் படுத்ததும் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே சேர்த்த உடம்பை மட்டும் தங்கமணி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம் கிடைத்த வேலையைச் செய்தோம். தொண்ணூறில் ஷா ஆலம் பக்கம் ஒரு கொரியா கம்பெனி திறந்தது, அதில் சேர்ந்தோம். டிவிக்குள் போகும் சாமான் செய்யும் இடம். அங்கே நாற்காலியே கிடையாது. காலையில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக் கை காலை ஆட்டச் சொல்வார்கள், அப்புறம் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. மதியம் சைரன் ஊதினால் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். கொரியா மேலாளரும் கூட்டுகிற ஆளும் ஒரே வரிசையில் நிற்பார்கள். குழி குழியாக இருக்கும் எவர்சில்வர் தட்டில் ஒரு குழியில் கொஞ்சம் சோறு, ஒன்றில் சூப், ஒன்றில் மிளகாய் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ், ஒன்றில் நெத்திலி. கேண்டீனின் மறுபக்கத்தில் நம் சாப்பாடும் இருந்தது. தங்கமணி எந்தப் பக்கம் போவாள் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது கனகலிங்கத்துக்கு வருகிறேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கம்பெனி அவரைப் பயிற்சிக்காக இரண்டு வாரம் கொரியாவில் சியோலுக்கு அனுப்பியது. போனவர் போனதோடு இருந்திருக்கலாம், திரும்பி வந்துவிட்டார். வந்ததிலிருந்து வாயைத் திறந்தால் கொரியாதான். கரும்பலகையில் பெரிய வட்டம் ஒன்றும் சின்ன வட்டம் ஒன்றும் போட்டு, பெரியது அமெரிக்கத் தட்டு, சின்னது கொரியத் தட்டு என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

"அமெரிக்காக்காரன் கண்ட நேரத்தில தின்னுறான். காருக்குள்ள இருந்து தின்னுறான், டிவி பார்த்துக்கொண்டு தின்னுறான், இனிப்புத் தண்ணியைக் குடிக்கிறான். கொரியாக்காரன் நேரத்துக்கு எல்லாரோடயும் இருந்து சாப்பிடுறான். சூப், மரக்கறி, கொஞ்சம் மீன். எங்க போனாலும் நடக்கிறான். அதுதான் அவன் மெலிவு, இவன் பருமன். விளங்குதா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான். பொய்யாக இருந்தால் அங்கேயே எழுந்து நின்று கேட்டிருப்பேன். ஆனால் அவரே பத்து மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வடை தின்பார், கதவு இடுக்கில் வாசம் வரும். எங்கள் கொரியா மேலாளருக்கோ நல்ல தொப்பை. தினமும் காலையில் கம்பெனி வாசல் கடையில் எண்ணெய் சொட்டும் ரொட்டி சானாய் இரண்டு தின்றுவிட்டுத்தான் உள்ளே வருவார். அந்த வட்டங்களில் அவர் எந்த வட்டம் என்று கனகலிங்கம் சொல்லவே இல்லை.

கொஞ்சம் பருமனாக இருக்கும் பெண்களைப் பார்த்தால், "நீங்கள் இன்னும் அமெரிக்காவிலதான் இருக்கிறீங்கள்" என்பார். அது அவருடைய ஜோக். தங்கமணியை மட்டும் "எங்கட அமெரிக்க அம்மா" என்று கூப்பிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். பஸ் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுவாள். எனக்கு அழுகை வராது, கை துறுதுறுக்கும்.

தொண்ணூற்று மூன்றில் அவர் ஒரு போட்டி வைத்தார். கேண்டீன் வாசலில் எடை பார்க்கும் மெஷின். மாதம் ஒரு முறை எல்லோர் முன்னாலும் ஏறி நிற்க வேண்டும், அவர் மைக்கில் கிலோவைச் சொல்வார். வருடக் கடைசியில் அதிகமாக இளைத்தவருக்குப் பரிசு ஒரு கொரியா ரைஸ் குக்கர். சோற்றைக் குறைத்ததற்குப் பரிசு சோற்றுப் பானை! இதைக்கூட யோசிக்காத ஆளிடம்தான் எங்கள் உடம்பைக் கொடுத்திருந்தோம். தங்கமணி முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

"உனக்கு ரைஸ் குக்கரா இல்ல வீட்டுல?" என்று கேட்டேன்.

"குக்கருக்காக இல்லக்கா. அந்த ஆளு என்னை அமெரிக்க அம்மான்னு கூப்பிடுறத நிப்பாட்டணும்" என்றாள்.

முதல் சில மாதம் நிஜமாகவே இளைத்தாள். குழித் தட்டில் சாப்பிட்டாள், சூப்பு குடித்தாள், வீட்டுக்குப் போய் இரண்டாம் தடவை சோறு தின்பதை நிறுத்தினாள். பஸ் ஸ்டாப் வரை நடந்தாள். அதற்கு நான் கொரியாவுக்கு நன்றி சொல்லத் தயார். ஆனால் அதற்கப்புறம் அவளை இளைக்க வைத்தது சூப்பு இல்லை. எந்தக் கிலோ சூப்பினால் போனது, எந்தக் கிலோ வியாதியால் போனது என்று பிரித்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. மெஷின் முள் கீழே இறங்கியது, அவ்வளவுதான். மைக்கில் சொன்னார்கள், கூட்டம் கூச்சல் போட்டது.

எங்கள் லைனுக்கு ஒரே ஒரு டாய்லெட் கார்டுதான். கார்டு என்றால் கயிறு கட்டிய பலகை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வெளியே போக முடியும், போனவள் திரும்பி வரும் வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பலகை நாள் முழுக்கத் தங்கமணி கழுத்திலேயே தொங்க ஆரம்பித்தது. போவாள், வருவாள், ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பாள், மறுபடி போவாள். லைனில் சண்டை வந்தது. பஞ்சாயத்துக்குக் கனகலிங்கம் வந்தார்.

"தண்ணி குடிக்கிறது நல்லம். கெட்ட நீர் எல்லாம் வெளியேறுது, உடம்பு சுத்தமாகுது" என்றார்.

எதற்கும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. அசதியாக இருக்கிறது என்றால் கொழுப்பு எரிகிறது. கண் மங்குகிறது என்றால் வயதாகிறது. பாதுகாப்புச் சப்பாத்து கடித்துக் கால் விரலில் வந்த புண் ஆறவில்லை என்றால் சப்பாத்து புதுசு. தங்கமணிக்கும் அவளுடைய பதில் இருந்தது. எனக்குச் சந்தேகமாக இருக்கிறது, இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடு என்று சொன்னபோது அவள் சிரித்தாள்.

"அது குண்டா இருக்கறவங்களுக்குத்தானேக்கா வரும்? முன்னாடி சொல்லியிருந்தா பயந்திருப்பேன். இப்ப எனக்கு எப்படி வரும்லா?"

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இளைத்துப் போன ஒருத்தியைப் பார்த்தால், "ஏம்மா இப்படி இளைச்சிட்டே, உடம்புக்கு என்ன?" என்று கேட்பார்கள். வணக்கம் சொல்வதுபோல அது தானாக வாயில் வரும். ஒரு கிலோ குறைந்தால்கூடக் கேட்பார்கள், கேட்டுத் தொல்லை பண்ணுவார்கள். அந்த வருடம் அந்தக் கேள்வி எல்லோருக்கும் மறந்து போய்விட்டது. கோயிலில் கேட்டது வேறு கேள்வி: "என்ன சாப்பிடுறே? எனக்கும் சொல்லிக் குடேன்." ரவிக்கை தைக்கிற கடையில் நான்காவது முறையாகப் பிடித்துத் தைத்துவிட்டு, "அக்கா, சின்னப் பொண்ணு மாதிரி ஆயிட்டீங்க" என்றார்கள். கன்னையாவிடம் கேட்டேன். "நல்லாத்தானே இருக்கா" என்றான். அவள் கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

பொறுக்க முடியாமல் நான் கனகலிங்கம் அறைக்கே போனேன். "சார், அந்தப் பொண்ணு முகத்துல உயிரே இல்ல. கொஞ்சம் கிளினிக்குக்கு அனுப்புங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "புஷ்பவல்லி, ஒருத்தர் முன்னேறினா பொறாமைப்படக் கூடாது."

பொறாமை! எனக்கு! வாயில் வந்ததை அப்படியே விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்றைக்கு விழுங்கியது இன்றைக்கும் செரிக்கவில்லை.

வருடக் கடைசியில் பரிசு கொடுத்தார்கள். மேடை ஏறும்போது தங்கமணி மேசையைப் பிடித்துக்கொண்டாள். யூனிபார்ம் பாவாடை நழுவாமல் இருக்க ஊக்கு போட்டிருந்தாள். ரைஸ் குக்கரைத் தூக்கக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை, கனகலிங்கம் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். "இவர் அமெரிக்காவில இருந்து கொரியாவுக்கு வந்திட்டார்" என்று மைக்கில் சொன்னார். படம் பிடித்தார்கள். அதைப் பெரிதாக்கிக் கேண்டீன் சுவரில், அவள் குண்டாக இருந்த பழைய படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். சாகக் கிடக்கும் ஒருத்தியின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எல்லோரும் சூப்பு குடித்தார்கள்.

அவளைக் காப்பாற்றியது அன்பு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காப்பாற்றியது அவளுடைய ஜென்ம விரோதி. கன்னையாவின் அக்கா லெட்சுமி, ரவாங்கில் இருப்பவள். பல வருடத்துக்கு முன்னால் லெட்சுமியின் மகள் சடங்கில் தங்கமணி பந்தியில் உட்கார்ந்தபோது, "இவளுக்கு ரெண்டு எலையா போடுங்க" என்று ஊர் கேட்கச் சொன்னவள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பரிசு வாங்கிய அடுத்த மாதம் ரவாங்கில் ஒரு கல்யாணம், நானும் போயிருந்தேன். தங்கமணி வேண்டுமென்றே நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, லெட்சுமி கண்ணில் படுகிற மாதிரி மண்டபத்தில் நடந்தாள். இளைத்ததை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று எத்தனை நாள் ஆசையோ.

லெட்சுமி மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்: "கன்னையா பொண்டாட்டியா இது? என்ன சீக்கு வந்துச்சு இவளுக்கு? நாளைக்குப் போறவ மாதிரி இருக்கா!"

எவ்வளவு கெட்ட வாய் பாருங்கள். ஆனால் என்னை விட்டால், அந்த ஒரு வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே வாய் அதுதான். தங்கமணி சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தாள். "எனக்கா சீக்கு? ஒன்னுமில்லன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கி அவ மூஞ்சியில வீசுறேனா இல்லையா பாருக்கா!" என்றாள். மறுநாளே லீவு போட்டாள். சண்டைக்குப் போகிற வேகத்தில்தான் கிள்ளானில் ஒரு கிளினிக்குக்குப் போனோம்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். "டாக்டர், எனக்கு ஒரு வியாதியும் இல்லன்னு ஒரு லெட்டர் குடுங்க" என்று அவள் கேட்டதும் சிரித்துவிட்டார். எதற்கும் பார்த்துவிடுவோம் என்று சிறுநீர் கேட்டார், விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. சப்பாத்தையும் காலுறையையும் கழற்றச் சொன்னார். புண் இருந்த விரல் கறுத்துப் போயிருந்தது. நாற்றம் நான் நின்ற இடம் வரைக்கும் வந்தது.

"எத்தனை நாளா இப்படி இளைக்கிறீங்க?" என்று கேட்டார்.

"இளைச்சது போட்டிக்கு, டாக்டர்" என்றாள் தங்கமணி.

அன்றைக்கே பெரியாஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். கொஞ்ச நாள் தள்ளிப் போயிருந்தால் ஆளே இல்லை என்றார்கள். இரண்டு விரலை எடுத்தார்கள், காலைக் காப்பாற்றினார்கள். கன்னையா வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அழுதான். அப்போதுதான் அவனுக்குக் கண் தெரிந்திருக்கிறது. கனகலிங்கமும் ஒரு நாள் வந்தார், கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு. இனிப்பு நீர்க்காரிக்குக் கிரீம் பிஸ்கட். கட்டிலருகே நின்று, "நீங்கள் டயட்டைக் கொஞ்சம் கூடச் செய்திட்டீங்கள்" என்றார். தப்பு அவள் மேல்! டின்னை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, வாசல் எந்தப் பக்கம் என்று காட்டினேன்.

தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ளப் பழகினாள். கம்பெனி ரைஸ் குக்கரில் அளந்து அரிசி போட்டாள், நெத்திலியும் கீரையும் தின்றாள். பரிசை ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று சிலர் கேட்டார்கள். ஏன் கொடுக்க வேண்டும்? உயிரை வைத்து வாங்கிய குக்கர். மெல்ல மெல்லக் கன்னம் நிரம்பியது, உடம்பு ஏறியது. லெட்சுமியுடன் இன்றுவரை பேச்சு இல்லை. ஆனால் தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கு கன்னையாவிடம் கொடுத்தனுப்புவாள். லெட்சுமி முறுக்கைத் தின்றுவிட்டு டின்னைக் கழுவாமல் திருப்பி அனுப்புவாள்.

தங்கமணி வேலைக்குத் திரும்பியபோது சுவரில் அவள் படம் இல்லை. 'ரிசல்ட்' நிற்காதவர் படத்தை வைத்தால் மற்றவர்களுக்கு ஊக்கம் போய்விடுமாம். போட்டி மட்டும் இன்னும் நடந்துகொண்டிருந்தது. எடை நாளும் வந்தது. அவள் பெயரே கொடுக்கவில்லை. ஆனாலும் வரிசையில் போய் நின்றாள். காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து, மெஷினில் ஏறினாள்.

கனகலிங்கம் முள்ளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மைக்கை வாயருகே கொண்டுபோனார். "என்ன தங்கமணி, திரும்ப அமெரிக்காவுக்குப் போயிட்டீங்கள்?"

கேண்டீன் சிரித்தது. இந்த முறை தங்கமணி சிரிக்கவில்லை, இறங்கவும் இல்லை.

"இல்ல சார். செத்துப் போகப் போனேன், பொழச்சித் திரும்பி வந்திருக்கேன்" என்றாள். "இளைச்சப்பல்லாம் மைக்குல சொன்னீங்கல்ல? இப்பவும் சொல்லுங்க சார். எத்தனை கிலோன்னு சத்தமா சொல்லுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. பின்னால் எவளோ ஒருத்தி கரண்டியைக் கீழே போட்டாள். கனகலிங்கம் மைக்கை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் வரிசையை விட்டு வெளியே வந்து, அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, முள்ளைப் பார்த்துக் கிலோவைச் சொன்னேன். போன வருடத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதையும் சொன்னேன்.

ஒருவரும் கைதட்டவில்லை. நான் தட்டினேன், கை எரிகிற வரைக்கும்.